புளியரைக் காற்றில் ஒரு கார் ஷெட்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் போகிறவர்களுக்குப் புளியரை வயல்கள் தெரியும். அதைத் தாண்டி எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், அப்புறம் கேரளம். ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும். குற்றாலத்துக்குச் சீசனைக் கொண்டு வருவது அந்தக் காற்றுதான். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சாரல். வீட்டோரம் ஷெட் போட்டு, பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது நான்கு மாதத் துரு.

என் ஷெட்டில் நிற்பது ஒரு பிரீமியர் பத்மினி. ஷெட் கட்டியபோது மழைக்குப் பயந்து கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கூரையில் போட்டேன். கூரை இன்றுவரை ஒழுகியதில்லை. ஆனாலும் பின்னால் வந்த கோளாறுகளில் முக்கால்வாசி ஈரத்தால் வந்தவை. கூரை தடுப்பது மேலிருந்து விழும் தண்ணீரை. மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் காற்றோடு உள்ளே நுழையும் ஈரமும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று சீசன் பிடித்தது. உங்கள் ஷெட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். சோதித்துப் பார்க்காமல் எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

காலையில் தரை நனைந்திருக்கிறது, தண்ணீர் ஓடி வந்த தடம் இல்லை

நான் ஏணி போட்டு ஏறி, ஷீட்டில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் கொத்தனார் கேட்டார்: "அண்ணாச்சி, மேலயே பாத்துக்கிட்டு நிக்கீங்களே, தரையத் தொட்டுப் பாத்தீங்களா?" அவர் சொல்லிக் கொடுத்த சோதனைக்குப் பாலிதீன் துண்டும் டேப்பும் போதும்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். தரையைத் துடைத்துக் காயவைத்து, தாளை விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலை பாருங்கள். 16 மணி நேரமாவது இருக்கட்டும். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்துத் தளம் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் நனைந்து அடிப்பக்கம் காய்ந்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. இரண்டும் நனைந்திருந்தால் இரண்டு வேலையும் உங்களுக்கு உண்டு. எனக்கு அப்படித்தான் இருந்தது.

மண் ஈரமென்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சுவரோரம் கொட்டிய மண், வாழைப் பாத்தி, கூரைத் தண்ணீர் நேராக விழும் இடம், இவை உள்தரை மட்டத்துக்கு இணையாகவோ உயரமாகவோ இருந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். வெளிமண்ணை உள்தரைக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் மாட்டி, குழாய் வழியாகத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். என் ஷெட்டில் வடக்குச் சுவரோரம் இருந்த பாதி ஈரம் இதிலேயே போய்விட்டது. செலவும் அதிகமில்லை.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் தளத்துக்குக் கீழே 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரடி ஏற்றி ஒட்ட வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் மிதித்துக் கிழிக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள். மொத்தச் செலவில் அதன் பங்கு சின்னது. தளம் போட்ட பிறகு அதை நுழைக்க வழியே இல்லை.

காற்று ஈரத்தின் கணக்கு வேறு. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், 24 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் நீர் படியும். ஈரப்பதம் 90 ஆனால் 26 டிகிரிப் பொருளே வியர்க்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தளமும் இன்ஜின் இரும்பும் காலை பத்து மணிக்கும் குளிர்ச்சியாகவே இருக்கும். அந்த நேரத்தில், வெயில் வந்துவிட்டதே, காற்றாடட்டும் என்று ஷட்டரைத் தூக்குகிறோம். வெளியே சூடேறிய ஈரக்காற்று உள்ளே போய் அத்தனை இரும்பிலும் நீராகப் படிகிறது. நானே இரண்டு சீசன் இப்படி நல்லது செய்வதாக நினைத்துத் துருவை உள்ளே அழைத்திருக்கிறேன்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் மாட்டுங்கள். சாரல் விழும் நாளில் காலையில் மூடியே வைத்து, தரை சூடேறிய பிறகு மதியம் திறந்துவிடுங்கள். தை, மாசியில் காய்ந்த காற்று அடிக்கும் நாட்களில் எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். எப்போதும் திறந்து வை, எப்போதும் மூடி வை என்ற இரண்டு யோசனையுமே எங்கள் ஊருக்குச் சரிவராது.

ஸ்பானர்கள் துருப்பிடிக்கின்றன, டிராயரில் இருப்பவையும்

தரையைச் சரி செய்த பிறகும் இது தொடர்ந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, அதே அறையில் ஆசிட் இருக்கிறதா? கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், உர மூட்டை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே வெளியேற்றுங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி போதும். பேட்டரியை சார்ஜ் போடுவதும் இதில் சேரும். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் அமிலத் துளிகள் பக்கத்து அலமாரியைத் தின்னும். கூடவே வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். கதவோரம், காற்றோட்டத்தில், கருவிகளுக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள்.

இரண்டாவது, கை வியர்வை. துருவில் விரல் தடமே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மருந்து சுலபம்: வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

மூன்றாவது, அலமாரிக்குள் இருக்கும் காற்று. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகமெடுக்கும். 28 டிகிரியில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 68 பக்கம் இறங்கிவிடும். தண்ணீர் குறைவதில்லை, சூடான காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் கருவி அலமாரியின் அடித்தட்டில், கம்பிக் கூண்டுக்குள் 25 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை சீசன் முழுக்க எரியவிடுகிறேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் போதிய சூடு இல்லை. பெட்ரோல், தின்னர், பெயிண்ட் எதுவும் அந்த அலமாரியில் இருக்கவே கூடாது. மைக்ரோமீட்டர், டயல் கேஜ் போன்ற நுண்கருவிகளை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கி மூடும் டப்பாவில் வைத்தால் போதும்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஷட்டருக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த இயந்திரம் கணவாய்க் காற்றையே காயவைக்கப் பார்க்கும். இடைவெளியை அடைத்த பிறகு யோசியுங்கள்.

கார் உறைக்கு அடியில் பெயிண்ட் கொப்புளிக்கிறது, பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி நகர மறுக்கிறது

மூடிய ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற முடியாமல் பெயிண்டில் வேலை செய்யும். பழைய பருத்தி வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த உறை எங்கள் பத்மினிக்கு நன்றாகவே உழைக்கிறது. நனைந்த காரைத் துடைக்காமல் உள்ளே விடுவது, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பதற்குச் சமம்.

பிரேக் விஷயத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் லைனிங்கும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டதென்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடுங்கப் பார்க்காதீர்கள், லைனிங் பெயர்ந்து வரும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டுங்கள்.

சாரல் ஷட்டருக்கு அடியில் உள்ளே வருகிறது

எங்கள் பகுதிக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கு மழை. கிழக்கு மழை பெரும்பாலும் நேராகக் கொட்டும். சாரல் கணவாய்க் காற்றோடு படுக்கையாக வரும், தாழ்வாரம் எவ்வளவு நீண்டிருந்தாலும் அதன் அடியில் நுழைந்துவிடும். கட்டும் முன்பு என்றால் வாசலை மேற்கே வைக்காதீர்கள். சாலை மேற்கே இருந்தாலும் சரி, வண்டியைத் திருப்பிக் கிழக்கு வழியாக உள்ளே விடப் பத்தடி மண்ணை விட்டுக்கொடுங்கள். தகரக் கூரையில் ஷீட்டின் பக்கவாட்டு மேலடுக்கும் காற்றுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும், வாய் காட்டி அல்ல.

ஏற்கெனவே மேற்கு வாசல் என்றால், ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு வெளியே நான்கு அங்குல அகல வாய்க்கால் வெட்டி, வண்டி ஏறும் இரும்புக் கிராதி போடுங்கள். ஷட்டர் அமரும் இடத்தில் உள்தரை அரை அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். கீழ்ப்பட்டையில் ரப்பர் பட்டி மாட்டினால் தண்ணீரோடு எலியும் பாம்பும் நிற்கும். வயலோர வீடுகளில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. எலி ஒரே இரவில் வயரிங் முழுவதையும் கடித்துத் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்தரைக்கு வாசலைப் பார்த்து நூறுக்கு ஒன்று சரிவு போதும், இருபதடி நீளத்துக்கு இரண்டரை அங்குலத்துக்குள். அதைவிடக் கூட்டினால் ஜாக்கி போடும்போது வண்டி நகரும். ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள்.

ஜாக்கி ஸ்டாண்டு சாய்கிறது, தரை உள்வாங்குகிறது

இதைப் படிக்கும்போது வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தால் முதலில் அதைக் கீழே இறக்கிவிட்டு வாருங்கள்.

சுத்தியலின் பின்பக்கத்தால் தரையை ஓரடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் தளம் நன்றாகப் பிடித்திருக்கிறது. பொக்கென்று கேட்கும் இடத்தில் மேல்பூச்சு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது, அல்லது டைல்ஸுக்குக் கீழே வெற்றிடம். அந்த இடத்தில் ஸ்டாண்டு வைக்கக் கூடாது. மணல்மேல் பதித்த இன்டர்லாக் கல் முற்றம் எங்கேயும் நம்பத் தகுந்ததல்ல. நல்ல தளத்திலும் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றைக் கொடுப்பது என் வழக்கம்.

பொக்கு இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, பழைய தளம்வரை கொத்தி, கழுவி, சிமெண்டுப் பால் ஊற்றிப் புதிதாகப் போட வேண்டும். மேலே பூசி மறைத்தால் அடுத்த சீசனுக்குள் மறுபடியும் பெயரும்.

புதுத் தளம் என்றால் ஜாக்கி, ஸ்டாண்டு வேலைக்கு நான்கு அங்குலம் போதும். பின்னாளில் இரண்டு தூண் லிப்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் தூண் வரும் இடங்களில் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், லிப்ட்டைச் செய்பவர் கேட்கும் கனமும் கலவையும் கொடுங்கள். பிபிசி, அதாவது பொசலானா கலந்த சிமெண்டில் போட்ட தளத்துக்குக் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாரல்தான் நனைக்கிறதே என்று விடாதீர்கள். அந்தக் காற்று மேல்பரப்பை உறிஞ்சிக் காயவைத்துவிடும். தரையைப் பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூசி வருகிறது என்கிறவர்களுக்கு அநேகமாக இதுவே காரணம், அல்லது கலவையில் தண்ணீரை அதிகம் ஊற்றியது. எபாக்ஸி பெயிண்ட் அடிக்க 28 நாள் பொறுங்கள். பிறகும் பாலிதீன் சோதனையில் தேறினால்தான் அடிக்கலாம். ஈரத்தளத்தில் அடித்த எபாக்ஸி தோசை மாதிரி உரிந்து வரும்.

எப்படிப்பட்ட தரையானாலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஒரு சீல் போனால் ஹைட்ராலிக் ஜாக்கி சட்டென்று இறங்கிவிடும். இரண்டு நிமிட வேலை என்றாலும் ஸ்டாண்டு கொடுங்கள், கழற்றிய சக்கரத்தையும் சட்டத்துக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

கம்ப்ரஸர் போட்டதும் எம்சிபி விழுகிறது

கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்தான் எம்சிபி. காற்றடிக்கும் கம்ப்ரஸரைத் திட்டும் முன்பு அது எப்போது விழுகிறது என்று கவனியுங்கள்.

தொட்டி காலியாக இருக்கும்போது நன்றாக ஓடி, நிறைந்து நின்று, மறுபடி தானாக எடுக்கும்போது மட்டும் விழுந்தால், மோட்டார் அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்பப் பார்க்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் 'புஸ்' என்று சின்னதாகக் காற்று விட வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் அன்லோடர் வால்வு அடைத்திருக்கிறது. சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தொட்டி வாயிலுள்ள செக் வால்வு கசிகிறது. இரண்டும் பெரிய செலவில்லாத வேலை. தொட்டிக் காற்றை முழுதும் வெளியேற்றி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை வையுங்கள்.

காலித் தொட்டியிலும் விழுந்தால் வயரைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஷெட் 30 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 மீட்டர், தடை ஏறத்தாழ 0.73 ஓம். 2 ஹெச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் 50 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 36 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் 194 ஆகிறது, மோட்டார் முனகுகிறது, முனகும் நேரமெல்லாம் அதே ஐம்பதை இழுக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு 14 வோல்ட்தான். கிளம்பும்போது பிளக் முனையில் மல்டிமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வயர் சரியாக இருந்தும் விழுந்தால், மாட்டியிருப்பது பி வகை எம்சிபியா என்று பாருங்கள். மோட்டாருக்கு, கிளம்பும் நொடியின் இழுப்பைத் தாங்கும் சி வகை வேண்டும். எம்சிபியை மட்டும் பெரிதாக்கிவிட்டு மெல்லிய வயரை விட்டுவைத்தால் சுவருக்குள் வயர் எரியும்.

ஈரத்தரையில் வெறுங்காலோடு டிரில் பிடிக்கிற ஊர் இது. கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் இல்லாமல் ஷெட்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

ஸ்ப்ரே அடிக்கும்போது தண்ணீர் துப்பினால், அதுவும் கணவாய்க் காற்றுதான். 28 டிகிரி, 85 விழுக்காடு ஈரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் தண்ணீர் இருக்கிறது. மணிக்கு 12 கன மீட்டர் இழுக்கும் கம்ப்ரஸருக்குள் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. வேலை முடிந்ததும் தினமும் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். பெயிண்ட் வேலையை மாசி, பங்குனிக்கு ஒத்திவையுங்கள். காற்று லைனுக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாய் பிவிசியைப் பயன்படுத்தாதீர்கள்; அது வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

சீசன் முடிந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. பேட்டரி நன்றாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோலைப் பாருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை வடித்தாக வேண்டும். நிறுத்தி வைக்கும் முன் டேங்கை நிரப்புவது நல்லது, ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலைத் தாங்கச் செய்தவை அல்ல, மாற்றிவிடுங்கள்.

கதவைத் திறந்தால் சுவரில் இடிக்கிறது

கட்டிய பிறகு இதற்கு மருந்தில்லை. கட்டும் முன்பு காரை முற்றத்தில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் பானெட்டையும் டிக்கியையும் திறந்து, சுற்றிலும் கயிறு போட்டு அளந்து பாருங்கள். பத்மினி 3.93 மீட்டர் நீளம், 1.46 மீட்டர் அகலம். இருபுறமும் மூன்றடி, ஒரு பக்கம் இரண்டடி மேசை என்று கூட்டினால் அகலம் பதின்மூன்று அடி ஆகிறது. நீளம் பத்தொன்பது.

உள்ளே வேலை செய்தால் தலை வலிக்கிறது, பெட்ரோல் வாடை போகவில்லை

இன்ஜினை ஓடவிட்டபோது தலைவலி, மயக்கம் என்றால் அது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உடனே வெளியேறுங்கள். பாதி ஷட்டர் திறந்திருக்கிறதே என்பது போதாது. டியூனிங் செய்யும்போது வண்டியின் பின்புறத்தை வெளியே தள்ளி நிறுத்துங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் அதைத் தொடாது. தரையோடு ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் வலையடித்த துவாரங்கள் வேண்டும்.

அந்த ஆவி முதலில் நிறையும் இடம், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய வெட்டும் குழி. ஆசையாசையாக நானும் ஒன்று வெட்டினேன். எதிர் வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வாரம் குழியில் முழங்கால் ஆழம் ஊறியது. மோட்டார் வைத்து இறைத்தேன், மறுநாளும் ஊறியது. தண்ணீர் வற்றிய நாளில் உள்ளே இறங்கினால் பெட்ரோல் வாடை மூக்கைப் பிடித்தது. கையில் எரிந்துகொண்டிருந்தது வயர் பிய்ந்த ஹேண்ட் லேம்ப். ஒரு பொறி பறந்திருந்தால் போதும். அன்று மேலே ஏறியவன் மறுபடி இறங்கவில்லை. கல்லும் கிராவலும் போட்டு நிரப்பி, மேலே நான்கு அங்குலத் தளம் போட்டுவிட்டேன். வயலோரத்தில் ஷெட் கட்டுகிறவர் யார் கேட்டாலும் குழி வேண்டாம், நல்ல ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.